புகையாத எஞ்சின்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் என் மகள் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது மனுஷன் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். துறைமுகப் பட்டறையில் எஞ்சின்களுக்கு நடுவே நின்று நின்று என் காது போய்விட்டது. போனில் நீங்கள் "நல்லாருக்கோம் மாமா" என்றாலும் எனக்கு எஞ்சின் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. அத்தையைக் கேட்டுச் சொல்லச் சொன்னால் பாதிச் செய்தியை அவளே வைத்துக்கொள்கிறாள்.

கல்யாணத்துக்கு நான் கொடுத்த எஞ்சினைப் படகில் ஏற்றி, முதல் சவாரியும் போயாயிற்று என்று அறிந்து மனம் குளிர்ந்தது. மண்டபத்தில் நான் எழுந்து நின்று, "என் மருமகனுக்குப் பெட்டி பிரிக்காத புது எஞ்சின்" என்று சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அது என் செவிட்டுக் காதுக்கே கேட்டது.

எஞ்சின் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கிளம்பும்போது கேட்டீர்கள். எஞ்சினுக்கு வயது வருஷத்தில் இல்லை மாப்பிள்ளை, ஓடிய மணியில்தான். டீசல் எஞ்சினை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐயாயிரம் மணிக்கு மேலேயும் உழைக்கும். ஆனால் பாதிக்குப் பாதி அந்த வயதைப் பார்ப்பதில்லை. ஓடி ஓடிச் செத்த எஞ்சினை நான் அதிகம் பார்த்ததில்லை. உப்பும் அவசரமும் கவனமின்மையும்தான் கொல்கின்றன.

காலையில் ஏறியதும் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் பறக்காதீர்கள், சூடேறட்டும். கரைக்கு வந்ததும் டக்கென்று நிறுத்தாமல் சும்மா ஓட விடுங்கள், மூச்சு வாங்கட்டும். நாளெல்லாம் உப்புத் தண்ணீர் குடிக்கிற எஞ்சின் சாயங்காலம் நல்ல தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் பம்பில் உள்ள ரப்பர் சக்கரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்று விட வேண்டாம். முழு வேகம் ஆபத்துக்கு மட்டும். அதற்காக ஓட்டாமல் கட்டியும் போட வேண்டாம், நிற்கிற எஞ்சின் ஓடுகிற எஞ்சினைவிடச் சீக்கிரம் கெடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கடிதத்திலும் மீட்டர் எத்தனை மணி காட்டுகிறது, புகை என்ன நிறம் என்று எழுதுங்கள். கறுப்பு என்றால் பாரம் அதிகம். வெள்ளை என்றால் பெரும்பாலும் தண்ணீர். நீலம் என்றால் உள்ளே ஆயில் எரிகிறது. புகையே இல்லை என்றால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

குட்டி சமையலில் உப்பை அள்ளிப் போடுவாள், கண்டித்து வையுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா


மார்ச் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? குட்டி தினமும் ஒரு தடவையாவது அதைப் பற்றிப் பேசிவிடுகிறாள்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உங்கள் எஞ்சின்தான். உட்கார நேரமில்லை. காலையில் தீவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், மத்தியானம் சந்தைக் கூடைகள், சாயங்காலம் திரும்புகிறவர்கள் என்று எல்லாரும் நம் படகில்தான் ஏறுகிறார்கள். இந்தத் துறையில் இன்னொரு படகு வைத்திருப்பவரை நீங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். கழுத்து நீளம், ஊரே கொக்கு என்றுதான் கூப்பிடும். அவர் எஞ்சின் நடுவழியில் இருமும். நம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவரே, "பணக்கார மாமனார் கிடைச்சா எல்லாருந்தான் ஓட்டுவாங்க" என்று பெருமூச்சு விட்டார்.

குட்டி சாயங்காலமானால் துணியோடு வந்துவிடுகிறாள். எஞ்சினைத் துடைத்தபடியே கரையில் போகிற வருகிற எல்லாரிடமும், "எங்கப்பா குடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னைக்கூட அப்படித் துடைத்து வைத்துக்கொள்வதில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கிறது. தினமும் காலையில் குச்சியில் கோடு இறங்கியிருக்கிறது, நான் ஊற்றி நிரப்புகிறேன். புகையும் காலை நேரத்தில் லேசாக நீலமோ என்று தோன்றுகிறது. குட்டியைக் கூப்பிட்டுக் காட்டினால், "வானம் நீலமா இருக்கு, அதான் உங்களுக்கு எல்லாம் நீலமாத் தெரியுது" என்கிறாள். புது எஞ்சின் இப்படிக் குடிக்குமா மாமா? இங்கே உள்ள மெக்கானிக் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார். நீங்கள் சொல்லாமல் யாரையும் கை வைக்க விட மாட்டேன்.

மீட்டர் முந்நூற்றுப் பத்து.

பணிவுடன்,
உங்கள் மருமகன்

(அப்பா, அவர் சொல்வதை நம்ப வேண்டாம். புகையெல்லாம் ஒன்றும் இல்லை. உப்பும் சரியாகத்தான் போடுகிறேன். குட்டி.)


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். குட்டி ஓரத்தில் கிறுக்கியதைப் பார்த்து அத்தை சிரித்தாள்.

ஆயில் விஷயத்தில் கவலை வேண்டாம். புது எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டரோடு படிய நாளாகும். அதுவரை கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். குறைந்தால் ஊற்றுங்கள், அவ்வளவுதான். மெக்கானிக் யாரையும் திறக்க விட வேண்டாம். கம்பெனியில் பூட்டியதைக் கண்டவன் திறந்தால் பிறகு அது அந்த எஞ்சினாக இருக்காது.

முகத்துவாரம் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்குப் போகாதீர்கள். அங்கே இழுப்பு அதிகம். எஞ்சினில் குறை என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பேனா சரியில்லை.

அன்புடன்,
மாமா


ஜூன் 25

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். குட்டியும் நலம். இத்தனை நாள் எழுத முடியாமல் போனதற்கு மன்னிக்கவும்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. நீங்கள் சொன்னபடியே ரிங் படிந்துவிட்டது போலிருக்கிறது, ஆயில் குடிப்பது நின்றுவிட்டது. புகை இல்லை. மீட்டர் எழுநூற்றுச் சொச்சம்.

வீட்டில் சுவர் வேலை நடப்பதால் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. நீங்களும் அத்தையும் வருவதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

பணிவுடன்,
மருமகன்


ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். உங்கள் கடிதம் வந்தது. சின்னக் கடிதம்தான், நான் திரும்பத் திரும்பப் படித்ததில் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அதுல என்ன படம் போட்டா அனுப்பிருக்காரு?" என்று கேட்டாள்.

ஆயில் குடிப்பது நின்றுவிட்டதா? முழுவதுமாகவா? காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் புகை இல்லையா? சந்தோஷம்தான். இருந்தாலும் இன்னொரு தடவை நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

குட்டி ஏன் ஓரத்தில் ஒன்றும் கிறுக்கவில்லை? ஏதாவது மனத்தாங்கலா? இரண்டு பேருக்கும் நடுவே நான் மூக்கை நுழைப்பதாக நினைக்க வேண்டாம். சுவர் வேலை முடிந்ததும் சொல்லுங்கள், ஒரு நடை வந்து எஞ்சினைப் பார்க்கிறேன். உங்களையும்தான்.

அன்புடன்,
மாமா


ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். முதலில் நல்ல செய்தி. நீங்கள் தாத்தா ஆகப் போகிறீர்கள். குட்டிக்கு மூன்று மாதம். அத்தையிடம் அவளே போனில் சொல்வாள், ஆனாலும் நான் எழுதி நீங்கள் முதலில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் போல ஒரு எஞ்சின் இந்தக் கரையில் இல்லை. காலையில் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. சத்தம் சீராக இருக்கிறது. புகைக்குழாய் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன், வெள்ளையாகவே திரும்பி வந்தது. தினமும் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறேன். ஒரு துளி ஆயில்கூடக் குறைவதில்லை. மீட்டர் ஆயிரத்து நாற்பது.

நீங்கள் எஞ்சினை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் மாமா. மழை வேறு வருகிறது, இந்த நேரத்தில் பயணம் வேண்டாம்.

பணிவுடன்,
மருமகன்


செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம் என்று நர்ஸ் சொன்னார்கள். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நானும் இவ்வளவு நாள் பொறுத்தேன். பொய்யை மென்று முழுங்கி எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

அப்பா, நீங்கள் கொடுத்த எஞ்சின் செத்துப் போய் மாசக்கணக்காகிறது.

ஏப்ரல் கடைசியில், சந்தை நாளன்று, படகு நிறைய ஆட்கள். வழக்கமான வழியில் மணல் திட்டு விழுந்திருந்ததால் முகத்துவாரத்தைச் சுற்றி வந்திருக்கிறார். நட்ட நடு இழுப்பில் உள்ளே எதுவோ உடைகிற சத்தம் வந்து எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. படகு கடல் பக்கம் போக ஆரம்பித்துவிட்டது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது. நானும் கரையில்தான் நின்றேன். நங்கூரம் பிடித்ததால் ஆட்கள் தப்பினார்கள். கொக்கு வந்து கயிறு போட்டு இழுத்து வந்தார்.

துறையில் ஊரே கூடியிருந்தது. கொக்கு எல்லார் காதிலும் விழும்படி, "புது எஞ்சினை நாலே மாசத்துல கொன்ன ஆள் இவன் ஒருத்தன்தான்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் எல்லார் முன்னாலும், "எங்கப்பா குடுத்ததுன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் அவர், "ஆயில் பாக்க மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார்.

மெக்கானிக் வந்து பிரித்தார். இரண்டு பேரும் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு இவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து எஞ்சின் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஏதோ இரண்டு துண்டுகளைத் துணியில் சுற்றி ஸ்பேனர் பெட்டியில் வைத்திருக்கிறார், நான் தொட்டால் வாங்கி வைத்துக்கொள்கிறார். இப்போது எங்கே வேலை செய்கிறார் தெரியுமா? கொக்கின் படகில், டிக்கெட் கிழிக்கிறார். நான் துறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். உங்களுக்கு எழுதிய மீட்டர் கணக்கெல்லாம் சாப்பாட்டு மேஜையில் விரலை மடக்கி மடக்கிக் கூட்டியது.

நீங்கள் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்ததைக் காப்பாற்ற அவருக்குத் துப்பில்லை. அவர் சார்பில் நான் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் அப்பா.

உங்கள்,
குட்டி


அக்டோபர் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் நீங்களும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும்.

குட்டி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்க வேண்டாம். அவள் எழுதாவிட்டாலும் உங்கள் ஜூன் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நீங்கள் புகையே இல்லை என்று எழுதினீர்கள், எனக்கு அடிவயிறு எரிந்தது. நீலப் புகை தானாக நிற்காது மாப்பிள்ளை. காய்ச்சல் தானாக இறங்கும், தேய்ந்த ரிங் தானாக வளராது. அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் நாளுக்கு நாள் அதிகமாகப் புகைந்தே தீர வேண்டும். புகையவில்லை என்றால் அது ஓடவில்லை. ஓடாத எஞ்சினை ஓடுகிறது என்று நீங்கள் எழுதினால், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தில் வெள்ளைத் துணி என்று படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை.

அது பெட்டி பிரிக்காத எஞ்சின் இல்லை. துறைமுகத்தில் கழித்துப் போட்ட லாஞ்சின் எஞ்சின். கல்யாணம் நிச்சயமானதும் புது எஞ்சின் தருகிறேன் என்று நாலு பேர் மத்தியில் வாயை விட்டுவிட்டேன். பிறகு வாங்க வழியில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். என் கை பட்டால் பழசும் புதுசுதான் என்று ஒரு திமிர். சிலிண்டரைக் கடைந்தேன், பெயின்ட் அடித்தேன், சுழியத்தில் நிற்கிற மீட்டரை மாட்டினேன். ரிங்தான் அந்த அளவில் கிடைக்கவில்லை. பெரிய அளவு ரிங்கை அரத்தால் ராவி ராவி உள்ளே இறக்கினேன். பட்டறையில் வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

நீங்கள் துணியில் சுற்றி வைத்திருப்பது அந்த ரிங்தான். என் அரம் போன தடம் அதில் இருக்கும்.

அதைக்கூட விடுங்கள். மார்ச் மாதம் நீங்கள் நேருக்கு நேர் கேட்டீர்கள். திறந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். மெக்கானிக் திறந்தால் என் குட்டு வெளிப்படும், அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். முகத்துவாரம் போகாதே என்று எழுதத் தெரிந்தவனுக்கு ஏன் போகக் கூடாது என்று எழுதத் துணிச்சல் வரவில்லை. அந்தப் படகில் ஒரு கைக்குழந்தை இருந்திருக்கிறது.

குட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது?

மாமா


அக்டோபர் 18

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். குட்டி நலம். இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இதுதான் என் பதில்.

மறைக்காமல் சொல்கிறேன், பிஸ்டனைக் கழற்றியபோது மெக்கானிக், "இது புதுசு இல்லண்ணே, யாரோ அரம் போட்ட வேலை" என்றார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்த எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் போட வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்தக் கோபம் சில நாள் இருந்தது. படகில் இருந்த முகங்கள் கனவில் வந்தன. அவர்களை ஏற்றியது நான். நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சந்தேகம் வந்த பிறகும் ஏற்றியது நான்தான்.

பிறகு பார்த்தால், எஞ்சின் கிடக்கிற கொட்டகைக்குள் துணியோடு போகிறாள் குட்டி. செத்த எஞ்சினைத் துடைக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க, இது எங்கப்பாவோடது" என்றாள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

அவளுக்கு இருப்பது ஒரே அப்பா. புருஷனைத் திட்டாத பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்? எனக்குப் பழகிவிட்டது. கொக்கும் வெளியே தெரிகிற அளவுக்கு மோசமான ஆள் இல்லை. மத்தியானத்தில் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றுகிறார்.

பிள்ளை பிறக்கட்டும். எல்லாம் தானாக ஆறிவிடும். தயவுசெய்து எழுத வேண்டாம்.

உங்கள் மருமகன்


நவம்பர் 2

குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

உன் புருஷன் ஆயில் பார்க்க மறக்கவில்லை. அவர் எஞ்சினைக் கெடுக்கவில்லை. நான் கொடுத்தது கெட்ட எஞ்சின். கழித்துப் போட்ட பழையதை எடுத்து, வண்ணம் பூசி, புதுசு என்று சொல்லி, மண்டபத்தில் கை தட்டல் வாங்கினேன். அது ஆயில் குடிக்கிறது என்று அவர் எழுதிக் கேட்டபோதும் பொய் சொன்னேன். அது உடைந்த அன்று உன் புருஷன் உள்ளே திறந்து பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டுதான் துறையில் உன் பேச்சையும் ஊர்ப் பேச்சையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நம்பாவிட்டால் அந்தத் துணி மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் எனக்கு எழுதினார். எனக்கும் அது இனித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நானும் நினைத்தேன். நேற்று பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தாள். உன் அம்மா அவளிடம் என் முகத்துக்கு நேராக, உதடு புரியும்படி, "இவர் குடுத்த நல்ல எஞ்சினை எங்க மாப்பிள்ளை கெடுத்துட்டாராம், என்ன செய்யறது, எல்லாருக்கும் பொறுப்பு இருக்குமா" என்றாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். அப்புறம்தான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு உறைத்தது. அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

நீ என் காலில் விழுவதாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை என்னால் இன்னொரு தடவை பிரிக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது குட்டி. அந்த எஞ்சினை நான் வந்து சரி செய்ய விரும்புகிறேன். இந்தத் தடவை சரியான அளவு ரிங், புதுசு, பில்லோடு. வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா


நவம்பர் 20

அப்பா,

நான் நலம்.

மூட்டையைப் பிரித்துக் காட்டினார். பார்த்தேன்.

எஞ்சினுக்கு எல்லாம் வழி சொல்வீர்களே. சூடேறட்டும் என்பீர்கள், மூச்சு வாங்கட்டும் என்பீர்கள், உப்பை அலசு என்பீர்கள். ஏப்ரலிலிருந்து இந்த மனுஷனை நான் பேசிய பேச்சையெல்லாம் எப்படி அலசுவது என்று ஒரு வழி சொல்லுங்கள். சோறு போடும்போதும் பேசினேன். அவர் தூங்குவது போல் கிடந்தபோதும் பேசினேன். கொக்கின் படகில் அவர் டிக்கெட் கிழிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் அப்படிக் குனிந்து நின்றது எனக்கு அன்றைக்கு அசிங்கமாக இருந்தது. இப்போது என்னை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

வாருங்கள். எஞ்சினைச் சரி செய்யுங்கள். சாப்பாடு போடுவேன். பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குட்டி


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். குழந்தைக்கு உங்கள் மூக்கு. அத்தை வந்து இறங்கியதும் அதைத்தான் முதலில் சொன்னார்கள், கொஞ்சம் வருத்தத்தோடு. அவர்களுடைய முழங்கால் இப்போது தேவலை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுவதும் நடக்கிறார்கள்.

நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் துறையில் உங்கள் பேச்சுத்தான். ஒரு மாதம் எங்கள் கொட்டகையில் முட்டி போட்டு உட்கார்ந்து எஞ்சினைத் திரும்பக் கட்டியதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. படகை இறக்கிய அன்று கொக்கு வந்து, "இந்தத் தடவையாவது மாப்பிள்ளை ஆயில் பாப்பாரா?" என்று கேட்டாரே, அதற்கு நீங்கள், "முன்னே கொன்னது நான்தான், அவரு இல்ல" என்று சொன்னதைத்தான் பேசுகிறார்கள். உங்கள் காதுக்கு நீங்கள் மெதுவாகச் சொன்னதாக இருக்கும். தீவில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கிறது. கொக்கு இப்போது என்னைப் பார்த்தால் டீயை முழுவதுமாகக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் மட்டும் இன்னும் கொக்கின் படகில்தான் ஏறுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இனி எஞ்சின் நிலவரம். பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

பின்பக்கம் ஒரு போல்ட் முனகுகிறது. பம்பிலிருந்து தண்ணீர் லேசாகக் கசிகிறது. குறைந்த வேகத்தில் ஓடும்போது எஞ்சின் எதையோ மறந்துவிட்டு யோசிப்பது போல ஒரு கணம் தயங்குகிறது. மீட்டரை நீங்கள் சுழியத்துக்குத் திருப்பாமல், அது நின்ற எண்ணிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். அது இன்றைக்கு எழுநூற்று இருபது காட்டுகிறது. போன ஆகஸ்டில் நான் உங்களுக்கு எழுதிய ஆயிரத்து நாற்பதை அது இன்னும் எட்டவில்லை. எட்டும் அன்று எழுதுகிறேன்.

காலையில் லேசாக நீலப் புகை வருகிறது மாமா. ஆயில் கோடும் ஒரு நூல் இறங்குகிறது. நிஜமாகவே ரிங் படிய நாளாகுமா, இல்லை திறந்து பார்க்க வேண்டுமா? இந்தத் தடவை நீங்கள் என்ன சொன்னாலும் நம்புவேன், ஆனால் மெக்கானிக்கும் கூட இருப்பார்.

பணிவுடன்,
உங்கள் மருமகன்

(அப்பா, நீலம்தான். நானும் பார்த்தேன். வந்து பாருங்கள். குட்டி.)